சொறி நாயும் ஜீவகாருண்யமும்

நமது படிப்பகத்தில் ஒரு கிழட்டுச் சொறி நாயை வைத்துக் கொண்டிருக்கின்றோம் என்பது பற்றி ஊரில் பலவிதமான பேச்சு நடைபெறுகின்றது. வைதீகர்கள் பேசுவது ஒருபுறமிருக்க, நமது தோழர்களிலேயே இரண்டொருவர், "பகுத்தறிவுப் பிரசாரம் செய்ய வேண்டிய இடத்தில் நாய்க்கு மருந்து தடவிக் கொண்டிருப்பதா? இயக்கத்துக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கின்றார்கள். ஒரு தோழர் இன்னும் ஒருபடி மேலே போய், நாய்க்குச் செய்கிற செலவில் எத்தனை பிள்ளைகளுக்குப் புஸ்தகம் வாங்கலாம் என்று கணக்கே போட்டு அனுப்பியிருக்கின்றார். கேட்டவர்கள் யோக்கியர்கள். ஆதலால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். சொல்லும்போது வைதீகர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்றிருக்கின்றோம்.

முதலில் நடந்தது இன்னதென்று சொல்லிவிடுகின்றோம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஊருக்கு வெளியே பெரிய ரஸ்தாவில் ஒரு டீக்கடைக்குப் பின்புறம் இந்த நாய் கிடந்தது. கழுத்தில் நல்ல தோல் பட்டை இருந்தது. ஆகவே வீட்டில் வளர்ந்த நாய் என்பது தெரிந்தது. உடம்பில் பாதிக்கு மேல் மயிர் இல்லை. காது ஓரங்களும், முன்னங்கால் மூட்டுகளும், வயிறும் தடித்து வெடித்து யானைத் தோல் போலாகியிருந்தன. கிட்டப் போனால் புளித்த நாற்றம். டீ குடிக்க வந்தவர்கள் கல்லால் அடித்தார்கள். கடைக்காரர் சுடுதண்ணீரை ஊற்றினார். நாய் எழுந்து பத்தடி போய் மறுபடியும் படுத்துக் கொண்டது. நம் ஊரில் இம்மாதிரிப் பிராணிகளை எடுத்து வைத்துப் பார்க்கும் வாலிபர்கள் சிலர் அதைப் பிடித்து வந்தார்கள். ஆனால் அவர்களுடைய கொட்டகையில் இடமில்லை. "குட்டிகளானால் யாராவது கேட்டு வருவார்கள், கிழட்டு நாயை, அதுவும் சொறி நாயை, ஒருவரும் கேட்க மாட்டார்கள்" என்று நம்மிடம் வந்து சொன்னார்கள். படிப்பகத்தின் பின்தாழ்வாரம் சும்மா கிடக்கின்றதே என்று ஒரு வாரத்துக்கு இடம் கொடுத்தோம். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

பிற்பாடு விசாரித்ததில் இது லாப்ரடார் என்னும் சீமை நாய் என்றும், வம்ச பத்திரத்துடன் பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்டதென்றும், எஜமானர் புது வீடு கட்டிக் குடிபோகும் சமயத்தில் வியாதி பிடித்த பிராணி புது மனைக்குள் வரக்கூடாதென்று ஒரு ஜோசியன் சொன்னதால் காரில் ஏற்றிக் கொண்டு வந்து விடப்பட்டதென்றும் தெரிய வந்தது. எஜமானர் பெயர் நமக்குத் தெரியும். அதை இங்கு எழுத வேண்டிய அவசியமில்லை. இப்படிப்பட்ட எஜமானர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றார்கள். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றந்தான். ஆனால் அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரையில்தான். கிரகப்பிரவேசத்துக்குச் சாம்பிராணி வாங்கின செலவு இதைவிட அதிகமாயிருக்கும்.

இந்த வம்ச பத்திரம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டனில் 1873ல் கென்னல் கிளப் என்று ஒரு சங்கம் ஏற்பட்டு, நாய்களுக்குள் இன்ன இன்ன ஜாதி, அதற்கு இன்ன லட்சணம், தாய் தகப்பன் இன்னார் என்று பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் கோத்திரம் பார்ப்பது போலவே அவர்கள் நாய்க்குக் கோத்திரம் பார்த்தார்கள். லட்சணம் கெடாமலிருக்க வேண்டுமென்று நெருங்கின ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்ததால், லட்சணத்தோடு வியாதியும் சேர்ந்தே இறங்கி வந்தது. பக் என்னும் நாய்க்கு முகத்தில் சுருக்கம் இருப்பது அழகாம். அந்தச் சுருக்கத்துக்குள் ஈரம் தங்கிப் புண்ணாகின்றது. லாப்ரடாருக்குத் தோல் அரிப்பு வியாதி எளிதில் வருகின்றது. நம் நாட்டு ராஜபாளையம் நாயை எடுத்துக் கொண்டாலும் வெள்ளை நிறமே உசத்தி என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. சுத்த ரத்தம் என்கிற பைத்தியம் மனிதனோடு நில்லாமல் நாய் வரைக்கும் போய்விட்டது. இதற்கு எதிர்ப்புறமாகத் தெருவில் திரியும் நாட்டு நாய்க்கு வெள்ளைக்காரன் என்ன பெயர் வைத்தான்? பறையர் என்று நம் நாட்டில் ஒரு மக்களைத் தாழ்த்தி வைத்திருந்த ஜாதிப் பெயரை எடுத்து, "பரையா நாய்" என்று இங்கிலீஷ் அகராதியிலேயே ஏற்றிவிட்டான். மனுவோ அதற்கு முன்பே பத்தாவது அத்தியாயத்தில் சண்டாளருக்கு நாயும் கழுதையுமே சொத்து என்று எழுதி வைத்துவிட்டான். ஆக, மனிதனை இழிவுபடுத்த நாயையும், நாயை இழிவுபடுத்த மனிதனையும் எடுத்துக் கொண்டிருக்கின்றார்கள். நம் தாழ்வாரத்தில் கிடக்கும் நாய் உயர்ந்த ஜாதியாகப் பிறந்ததுதான். தோலில் சொறி வந்த அன்றே அதன் கோத்திரம் பறந்துவிட்டது.

இனி வைதீகர்கள் சொல்லும் காரணத்துக்கு வருவோம். "பூர்வ ஜன்மத்தில் செய்த பாவம், இந்த ஜன்மத்தில் நாயாய்ப் பிறந்து சொறி பிடித்து அலைகின்றது" என்று ஒரு பெரியவர் படிப்பக வாசலிலேயே நின்று சொன்னார். நாம் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, கால்நடை டாக்டர் சொன்னதைச் சொன்னோம். அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர், நாயின் தோலைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, பூதக்கண்ணாடியில் வைத்து நம் தோழர்களை ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். அதில் எட்டுக் கால்களோடு உருண்டையாக ஒரு பூச்சி. ஸார்காப்டிஸ் என்று அதற்குப் பெயர். அரை மில்லிமீட்டர் கூட இராது. சிலந்திக்குத் தூரத்து உறவு. பெண் பூச்சி தோலுக்குள் வளை தோண்டிக் கொண்டு போய் முட்டையிடும். சுமார் மூன்று வாரத்தில் முட்டை பூச்சியாகிவிடும். மனிதருக்கு வருகிற சிரங்குக்கும் இதன் இனத்தைச் சேர்ந்த பூச்சிதான் காரணம் என்று இத்தாலியில் போனோமோ, செஸ்டோனி என்ற இருவர் 1687லேயே பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதிவிட்டார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம் பெரியவருக்கு இன்னும் தபால் வந்து சேரவில்லை.

பெரியவர் சும்மா விடவில்லை. "அந்தப் பூச்சியும் ஆண்டவன் படைப்புத்தானே, அதைக் கொல்வது பாவமல்லவா?" என்றார். நல்ல கேள்வி. நாமும் ஒன்று கேட்டோம். ஒரு பிராணியின் தோலைத் தோண்டி அதற்குள் முட்டையிடுவதைத் தவிர வேறு தொழிலே தெரியாத ஒரு ஜீவனை, கருணையே வடிவான ஒருவர், வேலை மெனக்கெட்டு எட்டுக் கால் வைத்து உண்டாக்கினார் என்றால் அவருடைய கருணையின் யோக்கியதை என்ன? ஜப்பான் தேசத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரைக் கொண்டு ஐவர்மெக்டின் என்ற மருந்து உண்டாவதற்குக் காரணமாயிருந்த ஓமுரா, காம்ப்பெல் என்ற இருவருக்கு 2015ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பூச்சியைப் படைத்தவரைக் கும்பிடுவதா, பூச்சிக்கு மருந்து கண்டவரைக் கும்பிடுவதா? நம்மைக் கேட்டால் இரண்டு பேரையும் கும்பிட வேண்டாம். மருந்தை வாங்கிக் கொடுத்தால் போதும் என்போம். பெரியவர் எழுந்து போய்விட்டார்.

இதே பெரியவர் தேய்பிறை அஷ்டமி தோறும் பைரவர் சந்நிதிக்குப் போகிறவர். பைரவருக்கு வாகனம் நாய். கல்லாலான அந்த நாய்க்கு மாலை விழுகின்றது. உயிருள்ள நாய் கோபுர வாசலுக்குள் தலையை நீட்டினால் தடிதான் விழுகின்றது. சனி தோஷத்துக்குப் பரிகாரமாகக் கறுப்பு நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லும் ஜோசியர்களும் உண்டு. அந்தச் சோற்றை வைப்பவனுடைய கண் நாயின் மேலா இருக்கின்றது? தன் ஜாதகக் கட்டத்தின் மேல் இருக்கின்றது. நாய் பழுப்பு நிறமாயிருந்தால் சோறு இல்லை. சொறி பிடித்திருந்தால் நிச்சயமாக இல்லை. இதுதான் இவர்களுடைய ஜீவகாருண்யம்.

பாரதக் கதையிலும் இதே சங்கதிதான். தருமன் மேலுலகம் போகும் வழியில் பெண்டாட்டியும், தம்பிமார் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தபோது திரும்பிப் பாராமலே நடந்தானாம். கூட வந்த நாயை மட்டும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இந்திரனிடம் வாதாடினானாம். இதைச் சொல்லித்தான் "பாருங்கள் எங்கள் மதத்தின் கருணையை" என்கின்றார்கள். கதையின் முடிவில் என்ன? அந்த நாய் நாயேயல்ல, தரும தேவதையாம். கதை எழுதினவனுக்கே ஒரு நாயை நாயாகவே சொர்க்கத்துக்குள் விட மனம் வரவில்லை. அது கடைசி வரையில் வெறும் நாயாகவே, அதுவும் காதில் சீழ் வடிகிற நாயாகவே இருந்திருக்குமானால் தருமன் செய்தது சரியா தப்பா என்று ஒரு பௌராணிகர் சொல்லட்டும், பார்க்கலாம்.

நாய்க்குப் பெயர் வைப்பதில் நமது படிப்பகத்தில் ஒரு சண்டை நடந்தது. வாலிபத் தோழர்கள் சிலர் எதிர்க்கட்சிப் பிரமுகர் ஒருவர் பெயரை வைக்க வேண்டுமென்றார்கள். நாம் கூடாதென்றோம். எதிரியின் பெயரை நாய்க்கு வைத்தால் எதிரிக்கு அவமானம் என்று நினைப்பது, நாய் என்பது ஒரு வசவு என்று நாமும் ஒப்புக் கொள்வதாகும். பக்தர்கள் "நாயேன்" என்று தங்களைச் சொல்லிக் கொண்டு சாமி முன்னால் விழுவதும் இதே எண்ணத்தால்தான். கடைசியில் பெயரில்லாமலே விட்டுவிட்டோம். எல்லோரும் "கிழவா" என்று கூப்பிடுகின்றார்கள். அதற்குக் காது சரியாகக் கேட்பதில்லையாதலால் எந்தப் பெயரானாலும் ஒன்றுதான்.

இப்போது நமக்கு மெய்யாகவே வலித்த ஒரு கேள்விக்கு வருகின்றோம். நாய் வந்த இரண்டாம் மாதம் வாரக்கூட்டத்தில் செலவுக் கணக்கு வாசித்தோம். ஆதித்திராவிடத் தோழர் ஒருவர், பல வருஷமாகப் படிப்பகத்துக்கு வருகிறவர், எழுந்து சொன்னார்: "வைக்கத்தில் 1924ல் நாயும் பன்றியும் போகிற ரோட்டில் மனிதன் போகக் கூடாதென்றிருந்தது என்று மேடையில் பேசுகின்றீர்கள், நானும் கை தட்டியிருக்கின்றேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் ஊர் டீக்கடையிலேயே எங்களுக்குத் தனி டம்ளர் இருந்தது. இன்று நாய்க்குத் தோல் வியாதி என்றவுடன் டாக்டர், மாத்திரை, வாராவாரம் குளியல். சாக்கடை வாருகிற என் மாமனுக்குக் கை இரண்டும் வெடித்துப் புண்ணாகி மூன்று வருஷமாகின்றது. அவர் வாருகிறது இந்தத் தெருச் சாக்கடையைத்தான். உங்களில் யாராவது அந்தக் கையைப் பார்த்ததுண்டா?"

கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை. ஏனெனில் நாம் பார்த்ததில்லை. அவர் தெருவில் குனிந்திருக்கும்போது நாம் இந்த வாசலைத் தாண்டிப் பத்திரிகை படிக்க வந்திருக்கின்றோம். மலக்குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாதென்று 2013ல் சட்டம் வந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். வாசல் சாக்கடையில் வெறுங்கையோடு நின்றவரைக் கேட்கவில்லை. அன்று நாம் ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால் அது பித்தலாட்டமாகவே இருந்திருக்கும். மறுநாள் இரண்டு தோழர்கள் அவருடைய மாமனை ஜில்லா ஆஸ்பத்திரித் தோல் வைத்தியப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். கையுறையும் முழங்கால் பூட்ஸும் கேட்டுப் பன்னிரண்டு தொழிலாளிகளும் படிப்பகத் தோழர்களும் கையெழுத்துப் போட்டு அதிகாரிகளுக்கு மனுச் செய்து, நாலு முறை நேரிலும் போனோம். கையுறை வந்தது. பூட்ஸ் இதை எழுதுகிற வரையில் வரவில்லை, விடப் போவதில்லை. இதை நாய் வருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக் கொள்ளுகின்றோம். அந்தத் தோழர் இன்றும் நாயைத் தொடுவதில்லை. தொடும்படி நாமும் கேட்கவில்லை.

ஆனால் அவர் கேட்டதிலிருந்து, நாயைத் துரத்திவிட வேண்டும் என்று நாம் முடிவு செய்யவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. வைக்கத்து ரோட்டில் நாயை நடக்க விட்டவர்கள் நாயின் மேல் அன்பு கொண்டு விடவில்லை. நாயை அவர்கள் லட்சியமே செய்யவில்லை. நடுவீட்டில் சோபாவில் சீமை நாயைப் படுக்க வைத்துக் கொண்டு, வீட்டு வேலை செய்கிற அம்மாளுக்குத் தனி டம்ளரில் காப்பி கொடுக்கிற சீமான்கள் இன்றைக்கும் பட்டணத்தில் இருக்கின்றார்கள். அவர்கள் நாயிடம் வைத்திருப்பது கருணை என்று யாராவது நினைத்தால் ஏமாந்து போவார்கள். அந்த நாய்க்குச் சொறி பிடிக்கட்டும், பார்க்கலாம்; நம் தாழ்வாரத்துக்குத்தான் வரும். மனிதனைத் தொடக் கூசுகிற மனதும், வியாதிப் பிராணியைத் தொடக் கூசுகிற மனதும் ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்டவை என்பது நம் அபிப்பிராயம். இரண்டிலும் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காமலே விலகிக் கொள்ளுகின்றார்கள்.

ஆகையால் தொட்டால் என்ன ஆகும் என்பதை விவரமாகவே சொல்லுகின்றோம். கிராமத்துத் தோழர்களுக்கு உபயோகப்படும். நாய்ச் சிரங்குப் பூச்சி மனிதர் மேல் ஏறினால் சில நாள் அரிக்கும், சிவந்து தடிக்கும்; ஆனால் மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாது. நாயை வைத்தியம் செய்தால் இதுவும் போய்விடும். படர்தாமரை என்கிற பூஞ்சை வியாதியோ நாயிடமிருந்து மனிதருக்கு நன்றாகவே தொற்றும். டெமோடெக்ஸ் என்று வேறொரு பூச்சி உண்டு. அது மனிதருக்கு வராது. வயதான நாய்க்கு அது திடீரென்று வந்தால் உள்ளே வேறு வியாதி இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பி குறைந்தாலும் விலாவில் இரண்டு பக்கமும் மயிர் கொட்டும், உடம்பு பெருக்கும், நாய் சோம்பிக் கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் "சொறி"தான். இன்னதென்று தெரிய வேண்டுமானால் தோலைச் சுரண்டிப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரையில் தனியே வைத்து, கையுறை போட்டுத் தொட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

நம் ஜனங்கள் செய்கிற வைத்தியம் என்ன? பழைய இன்ஜின் ஆயிலை உடம்பெல்லாம் பூசுவது. பூச்சி மூச்சு முட்டிச் சாகும் என்று நினைக்கின்றார்கள். நாய் அதை நக்கும். தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். பூச்சிக்கு முன்னால் நாய் போய்ச் சேரும். மண்ணெண்ணெயும் அப்படியே. வேப்பெண்ணெய் அவ்வளவு கெடுதலில்லை. ஆனால் வளைக்குள் இருக்கிற பூச்சியை அது ஒழிக்காது. ஐவர்மெக்டினையும் யாரோ சொன்னார்கள் என்று மாட்டுக்கு வாங்கின மருந்தை அளவு தெரியாமல் போடக் கூடாது. கோலி முதலிய சில ஜாதி நாய்களை அது கொன்றேவிடும். இப்போது மாதம் ஒன்று கொடுக்கிற மாத்திரைகள் வந்திருக்கின்றன. நாயின் எடையைப் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

நம் கிழவனுக்கு இரண்டு மாதத்தில் பூச்சி ஒழிந்து மயிர் முளைத்தது. ஊரார் ஆச்சரியப்பட்டார்கள். நாமும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். ஆனால் அரிப்பு முழுதும் போகவில்லை. பாதங்களை விடாமல் நக்கிச் சிவக்க வைத்துக் கொண்டது. காதைத் தரையில் தேய்த்தது. "பார்த்தீர்களா, வினை விடுமா?" என்று பைரவ பக்தர் மறுபடியும் வந்தார். டாக்டர் சொன்னது வேறு. வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சி, மகரந்தம் முதலியவை இந்த நாயின் உடம்புக்கு ஒத்துக் கொள்வதில்லை, இது பிறவியோடு வந்த தன்மை, முழுதும் தீராது, அடக்கி வைக்கலாம் என்றார். நம் பக்தருக்கே பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. தினம் மாத்திரை போடுகின்றார். அவருடைய வினைக்கு மாத்திரை உண்டு, நாயின் வினைக்கு மாத்திரை கூடாது என்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

அடக்கி வைப்பது என்றால் வேலைதான். ஞாயிறு தோறும் குளோர்ஹெக்ஸிடின் சேர்ந்த மருந்துச் சோப்பு நீரால் குளிப்பாட்ட வேண்டும். பூசினவுடன் கழுவிவிடக் கூடாது. பத்து நிமிஷம் தோலில் ஊறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் நாயைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ஜீவகாருண்யம் என்பது எவ்வளவு நீளமென்று தெரியும். பிறகு விரல் இடுக்கெல்லாம் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். ஈரம் நின்றால் ஈஸ்ட் பூஞ்சை வளர்ந்து மறுபடியும் அந்தப் புளித்த நாற்றம் வந்துவிடும். வாரம் இரண்டு தரம் காது துடைக்க வேண்டும். அரிப்பு அதிகமான மாதத்தில் அதற்கென்றுள்ள மாத்திரை. ஸ்டீராய்டு மாத்திரை இரண்டே நாளில் அரிப்பை அடக்கும், விலையும் கொஞ்சம். அதைக் கண்டு மருந்துக் கடையில் தாங்களே வாங்கி மாதக்கணக்கில் கொடுக்கிறவர்கள் உண்டு. நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து, வயிறு தொங்கி, தசை கரைந்து, வேறு வியாதி புகுந்துவிடும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லுகிற நாளுக்கு, சொல்லுகிற அளவில்தான் கொடுக்க வேண்டும். செலவு சாதாரண மாதத்தில் 1,500 ரூபாய்க்கு மேல். கெட்ட மாதத்தில் இரட்டிப்பு. ஒன்பது தோழர்கள் பங்கு போட்டுக் கொடுக்கின்றார்கள். இயக்க நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கப்படவில்லை என்பதைக் கணக்குப் போட்ட தோழருக்குத் தெரிவித்துக் கொள்ளுகின்றோம். புஸ்தக நிதியும் குறையவில்லை. வெற்றிலை பாக்கு, சிகரெட் கணக்கையும் அவர் ஒரு தரம் இதே மாதிரி போட்டுப் பார்த்தால் நமக்கு உபகாரமாயிருக்கும்.

வெறிநாய்க் கடியைப் பற்றியும் கேட்டிருக்கின்றார்கள். அந்தப் பயம் நியாயமான பயம். வெறி கண்டபின் பிழைப்பது இல்லையென்றே சொல்லலாம். பிரெஞ்சு தேசத்துப் பாஸ்டர் 1885ல் ஒரு பையனுக்கு முதன்முதலில் ஊசி போட்டார்; நம் குன்னூரிலேயே 1907ல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் ஏற்பட்டது. அப்படியிருந்தும் இன்னும் கடிவாயில் மிளகாய்த் தூள் வைத்து மந்திரிக்கின்றார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய பயத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களும் உண்டு. அந்த ஊசி நிறுத்தப்பட்டு வெகு நாளாகிவிட்டது. கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், கையிலோ தோளிலோ போடுகிற ஊசியைச் சொன்ன நாட்களில் தவறாமல் போட்டுக் கொள்ள வேண்டும். நம் நாய்க்கு வருஷ ஊசி போட்டிருக்கின்றது. சீட்டு, படிப்பகச் சுவரில் ஒட்டியிருக்கின்றது. யாரும் வந்து பார்க்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆவேசப்பட்டு ஒவ்வொருவரும் ஒரு கிழட்டு நாயைக் கொண்டு வந்து கட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வாடகை வீட்டுக்காரர் சம்மதம் கேளாமல், மாதச் செலவு எண்ணாமல், வீட்டுப் பெண்கள் தலையில் வேலையைக் கட்டிவிடலாம் என்ற நினைப்போடு எடுக்கிறவர், எடுக்காமலிருப்பதே நல்லது. முதல் நாளே டாக்டரிடம் காட்டி, பல், இருதயம், மூத்திரக்காய் எல்லாம் பார்த்துக் கொள்ள வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்துச் செய்கிறவர்களுக்குச் சொல்லுகின்றோம்: கிழட்டு நாய் செருப்பைக் கடிக்காது, வீட்டுக்குள் அசுத்தம் செய்வது அபூர்வம், காலையும் மாலையும் கொஞ்சம் நடந்தால் போதும், மற்றப் பொழுதெல்லாம் தூங்கும். நம் கூட்டங்களில் முதலிலிருந்து கடைசி வரையில் இருக்கிற ஒரே அங்கத்தினர் அதுதான். பாதிப் பேச்சிலேயே தூங்கிவிடுகின்றது என்பது வாஸ்தவம்.

அதற்குப் பத்து அல்லது பதினோரு வயது என்று டாக்டர் சொல்லுகின்றார். இந்த இனம் பன்னிரண்டு, மிஞ்சிப் போனால் பதின்மூன்று. ஆகவே நாம் எடுத்திருப்பது ஓரிரு வருஷ வேலை. எழுந்திருக்க முடியாமல், தின்ன முடியாமல், வலி தாங்காமல் கிடக்கும் நாள் வந்தால், ஊசி போட்டு வலியில்லாமல் தூங்க வைத்துவிடும்படி டாக்டரிடம் கேட்பதென்று இப்போதே கூட்டத்தில் தீர்மானித்திருக்கின்றோம். "வினை தீருமட்டும் கிடக்கட்டும், உயிரை எடுக்க நீ யார்?" என்று அப்போதும் பக்தர் வருவார். வரட்டும். அவரைப் போல ஒரு பிராணியின் வலியில் கடவுளுக்குப் பாக்கிக் கணக்குப் பார்க்க நமக்குத் தெரியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுகிற முறை, புஸ்தகக் கணக்குப் போட்ட தோழரை அழைத்திருக்கின்றோம். காலை ஏழு மணிக்கு வர வேண்டும். பழைய வேட்டி கட்டிக் கொண்டு வருவது நல்லது. நாய் உடம்பை உதறும்.